தனிக்கடனா, ஊர்க் கம்பெனியா?

கனடாவில் பூர்வகுடியினருக்கென ஒதுக்கிய ‘ரிசர்வ்’ நிலத்தில் குடியிருக்கும் பூர்வகுடிப் பெண் ஒருவர் ரொட்டிக்கடை போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தொழில் தெரியும், சொந்த வீடும் உண்டு. ஆனால் வங்கியில் அந்த வீட்டை ஈடு வைக்க முடியாது. கனடாவின் பூர்வகுடியினருக்கென 1876இல் பிறந்த ‘இந்தியன் ஆக்ட்’ சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி, ரிசர்வில் உள்ள அவருடைய சொத்தை வெளியார் ஜப்தி செய்ய இயலாது. சொத்து கைவிட்டுப் போகாமல் காக்கிற விதி அது. கடன் கதவைச் சாத்துவதும் அதுவே.

இவருக்கு முதல் வழி, பூர்வகுடியினரே நடத்தும் கடன் நிறுவனங்கள். கனடா முழுக்க 50க்கு மேல் இருக்கின்றன. ஆளையும் ஊரையும் அறிந்து கடன் கொடுப்பார்கள், கணக்கு எழுதவும் கூடவே உதவுவார்கள். குறை ஒன்றுதான்: கையிருப்பு சிறிது. அடுப்பு வாங்கலாம், ஆலை கட்ட முடியாது.

இரண்டாவது வழி, ஊரே முதலாளியாவது. நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் மெம்பர்டூ, 1990களில் பற்றாக்குறையில் தவித்த, மிக்மாக் என்ற பூர்வகுடியினரின் சமூகம். முதலில் தன் கணக்குவழக்கை ஒழுங்குபடுத்தி, 2002இல் ஐ.எஸ்.ஓ. தரச் சான்றிதழ் வாங்கியது. அப்புறம் 2021இல், மெம்பர்டூவும் நியூஃபவுண்ட்லாந்தின் மியாபுகெக்கும் முன்நிற்க, 7 மிக்மாக் சமூகங்கள் சேர்ந்து கிளியர்வாட்டர் கடலுணவு நிறுவனத்தில் பாதியை வாங்கின. முழு நிறுவனத்துக்குமான மொத்த பேரம் சுமார் 100 கோடி கனடிய டாலர். அதில் 25 கோடி, பூர்வகுடிச் சமூகங்களுக்குக் கடன் தரும் ‘முதற்குடிகளின் நிதி ஆணைய’த்திடம் வாங்கிய 30 வருடக் கடன். அந்த ஆணையம் பல சமூகங்களின் கடன் தேவையை ஒன்றுசேர்த்துக் கடன்பத்திரம் விற்கிறது. ஈடாக நிற்பது சமூகங்களின் வருமானம், நிலமில்லை. 89ஆம் பிரிவு குறுக்கே வராமல் போவது இங்கேதான், எனக்கு இதில் பெரும் மதிப்பு. ஆனால் தொழில் சரிந்தால் சுமை மொத்த ஊர் தலையிலும் விழும்.

மூன்றாவது, அரசுக் கொள்முதலில் பூர்வகுடித் தொழில்களுக்கு 5 சதவீத இலக்கு. நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே தொழில் நடத்துகிறவருக்கே பயன்படும், பெயருக்கு ஒரு பூர்வகுடிப் பங்காளியைக் காட்டிக் காரியம் சாதிப்பவர்களையும் கண்காணிக்க வேண்டும்.

பெரிய சொத்து வாங்க இரண்டாவது வழிக்கு ஈடில்லை. ஆனாலும் அரசு அடுத்த டாலரை எங்கே போடலாம் என்று கேட்டால், முதல் வழியில் என்பேன். கிளியர்வாட்டர் போன்ற வாய்ப்பு எப்போதாவதுதான் வரும். அடுப்புக்குக் கடன் கேட்டு வருகிறவர் எல்லா ஊரிலும் இருக்கிறார்.