நான்கு வருடக் கரிசலாங்கண்ணித் தைலமும் தலையணை உறைக் கறையும்

ராயபுரத்தில் இருக்கும் தோழி போன வாரம் கேட்டாள்: "கடையில கரிசலாங்கண்ணி எண்ணெய் விலை குறைச்சிருக்காங்கடி. வாங்கிடட்டுமா, இல்ல உன்ன மாதிரி வீட்லயே காய்ச்சட்டுமா?" அப்போது அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். நேற்று புதுத் தலையணை உறை ஒன்று பாழானது. முழுப் பதிலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான்கு வருடமாக வேறு எண்ணெய் என் தலையில் பட்டதில்லை. ஒரு லிட்டர் செக்குத் தேங்காய் எண்ணெய்க்கு நான்கு கட்டு இலையை அரைத்துப் பிழிந்த சாறு, ஒரு கை வெந்தயம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காய்ச்சுவேன்.

கறைக்கு வருகிறேன். இரவில் தேய்த்துக்கொண்டு படுத்தால் காலையில் உறையில் கரும்பச்சை வட்டம். சரி, தேய்த்து ஒரு மணி நேரத்தில் குளித்துவிடலாம் என்று பார்த்தால், சீயக்காய் போட்டு அலசிய பிறகும் ஈரத் துண்டில் பச்சை இறங்குகிறது. மகளின் வெள்ளைச் சீருடைக் காலரில் ஏறியது இன்றுவரை போகவில்லை. எலுமிச்சை, சலவைச் சோடா, மொட்டைமாடி வெயில் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கொஞ்சமாவது கேட்பது கடலைமாவு. தண்ணீர் படும் முன்பே கறைமேல் தூவி, எண்ணெயை அது இழுத்த பிறகு சோப்பு போட வேண்டும். முதலில் தண்ணீரில் நனைத்தீர்களோ, அவ்வளவுதான்.

ஆனால் இந்தச் செடியின் குணமே அதுதான். இலையின் பச்சை எண்ணெயில் கரைந்துவிடும். சாறு காற்றுப் பட்டதும் கறுக்கும். பச்சை குத்தும் மைக்கு அந்தக் காலத்தில் இந்தச் சாற்றைச் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் ஆயா வெள்ளைத் துணியை இதன் சாற்றில் நனைத்து, நிழலில் உலர்த்தி, மறுபடி நனைத்துத் திரி செய்வார். விளக்கெண்ணெயில் அதை எரித்துப் பித்தளைத் தட்டில் படியும் கரியை வழித்துத்தான் எங்களுக்கெல்லாம் கண்மை. சென்னை ஏழுகிணறு பகுதியில் இருந்துகொண்டு திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்தே போய்வந்த வள்ளலார் போற்றிய மூலிகை என்பதால், கீரையாக ஆயும்போதுகூட ஆயா ஒரு இலையைக் கீழே சிந்த விடமாட்டார்.

தண்டையார்பேட்டை மார்க்கெட் வாசலில் நான் வாங்கும் கீரைக்கார அக்கா இலையை உள்ளங்கையில் கசக்கிக் காட்டுவார். "கறுக்குதா பாரு. கறுக்கலன்னா காசு குடுக்காத." தைலத்துக்கு வெள்ளைப் பூ பூக்கும் வகை, சமையலுக்கு மஞ்சள் பூ பூக்கும் வகை என்று பிரித்துக் கொடுப்பவரும் அவர்தான். ஒருமுறை வேறு இடத்தில் வாங்கிய கட்டில் பாதிக்கு மேல் மூக்குத்திப்பூச் செடி கலந்திருந்தது. அதுவும் இதுவும் சாமந்தி, சூரியகாந்தி வகையறாதான். ஒரு பூ என்று நாம் நினைப்பது பல குட்டிப் பூக்கள் சேர்ந்த கொத்து. சிறு வயதில் முட்டி பெயர்ந்தால் மூக்குத்திப்பூ இலையைத்தான் பிழிந்துவிடுவார்கள், அதற்கு அது நல்லதுதான். ஆனால் கசக்கினால் பச்சையாகவே நிற்கும். வெள்ளைக் கரிசலாங்கண்ணியின் பூ சட்டைப் பொத்தானைவிடச் சிறிது, காம்பைக் கிள்ளினால் கிள்ளிய இடமும் கறுக்கும். பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்திலும் இது தாராளமாக முளைக்கிறது. அந்தச் சாக்கடை மண்ணில் வளர்ந்ததை நான் தொடமாட்டேன்.

முதல் வருடம் பதம் தெரியாமல் சீக்கிரம் இறக்கிவிட்டேன். நவம்பர் மழையில் பாட்டில் முழுக்கப் புளிப்பு வாடை. இப்போது அடியில் நிற்கும் கசடு விரலில் மணலாக உருளும்வரை காய்ச்சுகிறேன். பஞ்சுத் திரியை நனைத்துக் கொளுத்தினால் சடசடவென்று வெடிக்கக் கூடாது, வெடித்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

தோழி கேட்காமல் கேட்டது நரையைப் பற்றி. கறுக்கவில்லை. காதோரம் இருந்த நரை நான்கு வருடத்தில் கூடித்தான் இருக்கிறது. முடி கொட்டுவதும் நின்றுவிடவில்லை. எனக்குக் கிடைத்தது வேறு. மே மாதப் புழுக்கத்தில், மின்சாரம் போன இரவுகளில்கூட, உச்சியில் இதை வைத்துக்கொண்டால் எரிச்சல் அடங்கித் தூக்கம் வருகிறது. பொடுகுக்காகத் தலையைச் சொறிந்துகொண்டே இருந்த பழக்கம் போய்விட்டது. இந்தச் சுகத்தை வேறெந்த எண்ணெயிலும் நான் கண்டதில்லை.

ஆனாலும் அவளுக்கு என் பதில்: வேண்டாம், கடை எண்ணெயையே வாங்கிக்கொள். உன் வீட்டில் மெத்தை விரிப்பு முதல் திரைச்சீலைவரை எல்லாமே வெள்ளை. நாலு கட்டு ஆய்ந்து, அரைத்து, இரண்டு மணி நேரம் அடுப்படியில் நின்று, அப்புறம் நேற்று நான் நின்றதுபோல உறையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க உனக்குப் பொறுமை இருக்காது. நேற்று எனக்கே இல்லை.

என் பாட்டிலில் இரண்டு விரல் அளவுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு கட்டு வெள்ளைப் பூ எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.