பாக்மேன் திரும்ப மறுத்த மூலை: மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பழைய ஆர்கேட் ஆட்டங்களை மீண்டும் ஆடுவதற்கு எந்தக் கன்ட்ரோலர் வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டபோது, நான் என்னுடைய நான்கு திசை ஜாய்ஸ்டிக்கைப் பிரித்துப் போட்டு, கருத்துப்போன தொடுமுனைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழைய ஸ்டிக்கையும் இக்காலத்து வயர்லெஸ் கேம்பேடு ஒன்றையும் மூன்றாண்டுகளாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டுக்கும் நியாயம் செய்ய வேண்டும் என்றே எழுதத் தொடங்குகிறேன். ஆனால் கேம்பேடின் மீது எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கோபம் ஒரு மூலையைப் பற்றியது. 1980-இல் நாம்கோ வெளியிட்ட புதிர்ப்பாதை ஆட்டமான பாக்மேனில் வழிகள் மேல், கீழ், இடம், வலம் என நான்கு திசைகளில் மட்டுமே ஓடுகின்றன. சந்திப்பின் மையத்தை எட்டுவதற்குச் சில பிக்சல்கள் முன்பாகவே ஸ்டிக்கைத் திருப்பிவிட்டால், பாக்மேன் குறுக்காகச் சரிந்து மூலையை வெட்டிக்கொண்டு போகும். துரத்தி வரும் பேய்களுக்கு இந்தச் சலுகை இல்லை; எனவே ஒவ்வொரு திருப்பத்திலும் பேய்க்கும் நமக்கும் இடையிலான தூரம் சிறிது கூடுகிறது. முதல் கட்டத்தில் பாக்மேன் ஏறத்தாழ ஒரு ஃப்ரேமுக்கு ஒரு பிக்சல் நகர்கிறது; ஒரு ஃப்ரேம் என்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது 16.7 மில்லிநொடி. ஆகவே மூலையை வெட்டுவதற்கு நமக்குக் கிடைக்கும் அவகாசம் விரல்விட்டு எண்ணக்கூடிய ஃப்ரேம்கள்தான்.

கேம்பேடில் அந்த அவகாசம்தான் பறிபோகிறது. வலப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே திரும்ப நினைத்துத் திசைப் பொத்தானின் மீது கட்டைவிரலை உருட்டினால், வலமும் மேலும் ஒருசேர அழுந்தும் ஒரு நிலையைக் கடந்துதான் விரல் போக வேண்டியிருக்கிறது. நான்கு திசை ஸ்டிக்கை மட்டுமே எதிர்பார்த்து எழுதப்பட்ட ஆட்டத்துக்கு இரண்டு திசைகள் ஒரே நேரத்தில் போய்ச் சேர்கின்றன. பாக்மேன் நேராகப் போய்விடுகிறது, பேய் பிடித்துவிடுகிறது. எந்தப் பக்கமும் சாயும் கேம்பேடின் அனலாக் ஸ்டிக்கில் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் வலம் முடிந்து மேல் தொடங்கும் எல்லையைக் கண்ணாலும் காண முடியாது, விரலாலும் உணர முடியாது.

முதல் ஆண்டு முழுவதும் நான் இதை, பொத்தானை அழுத்துவதற்கும் அது திரையில் தெரிவதற்கும் இடையிலான தாமதத்தின் குற்றம் என்றே நம்பினேன். திரையில் அந்தத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடை இயக்கினேன், வயர்லெஸ்ஸை விட்டுவிட்டுக் கேபிளில் இணைத்தேன். படம் விரைவாக வந்ததே தவிர, மூலை மட்டும் அப்படியே இருந்தது. பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் இயக்கும் மென்பொருளான மேம் (MAME) எமுலேட்டரில் மூலைவிட்ட அழுத்தங்களை நான்கு திசைகளில் ஒன்றாக மாற்றும் அமைப்பு உண்டு. அதை இயக்கியபின் குறை பாதியாகியது. ஆயினும் எந்தத் திசை செல்லுபடியாகும் என்பதை மென்பொருள் தீர்மானிக்கிறதே ஒழிய, விரலுக்கு எல்லை எங்கே என்பதை அது ஒருபோதும் சொல்லுவதில்லை.

பழைய ஸ்டிக் அதைச் சொல்லுகிறது. அதன் அடியில் உள்ள தகட்டின் துளை, தண்டு மூலைவிட்டத்தில் புகுந்து இரண்டு சுவிட்சுகளை ஒருசேர அழுத்தாதபடி தடுக்கிறது. தவறான இடத்துக்குக் கை போகவே முடியாது. அதைவிட என்னை எதிர்பாராமல் மகிழ்வித்தது அதன் லீஃப் சுவிட்ச். இரண்டு மெல்லிய உலோக இதழ்கள் சிறு இடைவெளியில் எதிரெதிரே நிற்கின்றன. தண்டு ஓர் இதழைத் தள்ள, அது மற்றதைத் தொடுகிறது, அவ்வளவுதான். மைக்ரோசுவிட்சின் 'டிக்' ஒலி இதில் இல்லை. தண்டு எவ்வளவு சாய்ந்தால் தொடுகை நிகழ வேண்டும் என்பதை இதழை வளைத்து நானே தீர்மானித்துக்கொள்ள முடிகிறது.

சென்ற வாரம் செய்த பழுது வேலையும் இதுதான். 'மேல்' திசை மூன்று முறைக்கு ஒரு முறை வேலை செய்யாமல் போயிற்று. அரத்தால் உரசினால் மேற்பூச்சு போய்விடும் என்பதால், வழவழப்பற்ற தடித்த காகிதத் துண்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்து, இதழ்களுக்கு இடையே வைத்து, அவற்றை விரலால் மெல்ல அழுத்தியபடி இழுத்தேன். காகிதத்தில் சாம்பல் நிறக் கோடு ஒன்று விழுந்தது. கோடு விழாமல் போகும்வரை புதுத் துண்டுகளை இழுத்துவிட்டு, இடைவெளியை மயிரிழை அளவு குறைத்து, மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். அன்றிரவு ஆடியபோது அந்த மூலையில் பாக்மேன் ஒருமுறைகூட நேராகப் போகவில்லை. கேம்பேடிலோ இரண்டாம் ஆண்டிலேயே இடது ஸ்டிக் தானாக நகரத் தொடங்கிவிட்டது. உள்ளிருந்து ஸ்டிக்கின் சாய்வை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் கார்பன் தடம் தேய்ந்துபோனால் துடைத்துச் சரிசெய்ய வழியில்லை, பாகத்தையே மாற்ற வேண்டும். தொடுகையே இல்லாமல் காந்தத்தால் இயங்கும் ஹால் சென்சார் ஸ்டிக்குகளில் இந்தத் தேய்மானம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி நியாயத்துக்கு வருகிறேன். 1982-இன் ரோபோட்ரான் ஒரு ஸ்டிக்கால் நகர்ந்து மற்றொரு ஸ்டிக்கால் சுடும் ஆட்டம். அதற்கு இந்தக் கேம்பேடு அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது. 1991-இன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் கீழிருந்து முன்னோக்கிக் கால் பங்கு வட்டமாகச் சுழற்றாமல் நெருப்புப் பந்தை வீச முடியாது. மூலைவிட்டமே இல்லாத என் பழைய ஸ்டிக் அங்கே பயனற்றது. ஐந்து பொத்தான்களால் ஆடும் ஆஸ்டராய்ட்ஸுக்கும் கேம்பேடே வசதி. நீண்ட நேரம் ஆடினால் பழைய ஸ்டிக்கில் மணிக்கட்டு வலிக்கிறது, மேசை இல்லாமல் ஆடவும் முடிவதில்லை. சுழல்குமிழ் கேட்கும் ஆர்கனாய்டுக்கோ இரண்டுமே உதவாது.

எண்ணிப் பார்த்தால் கேம்பேடுதான் அதிக ஆட்டங்களுக்குப் பொருந்துகிறது. இருந்தும் நண்பரிடம் நான் சொன்னது பழைய முறை நான்கு திசை ஸ்டிக்கை வாங்குங்கள் என்பதுதான். அவர் ஆட விரும்புபவை பாக்மேனும் டாங்கி காங்கும். ஏணியின் அடியில் நின்று நேர்மேலே தள்ள வேண்டிய டாங்கி காங்கிலும் இதே மூலைவிட்டம்தான் காலை வாரிவிடும். புதிய ஸ்டிக்கைத்தான் வாங்குவேன் என்று அவர் சொன்னால், தண்டின் அசைவைக் கட்டுப்படுத்தும் அடித்தகட்டை நான்கு திசைக்கு மாற்ற முடியுமா என்பதை மட்டும் கேட்டுவிட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.