இலை வண்ண அட்டை: இரண்டு சம்பா பார்த்துவிட்டு எழுதுகிறேன்

நெல்லுக்கு யூரியா எப்போது போடலாம் என்று பார்க்கிற இலை வண்ண அட்டையை இரண்டு சம்பா பருவமாக வயலுக்கு எடுத்துப் போகிறேன். ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதில் வெளிர் பச்சையில் தொடங்கிக் கரும்பச்சை வரை 1 முதல் 6 என்று ஆறு கட்டங்கள், அவ்வளவுதான். ஒரு மூட்டை யூரியாவுக்குக் கொடுக்கிற காசில் பாதிகூட ஆகவில்லை.

நட்டு 14 நாள் ஆனதிலிருந்து பூக்கிற வரைக்கும் வாரம் ஒரு முறை, காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், வயலில் அங்கங்கே பத்துக் குத்துகளில் முழுதாக விரிந்த மேல் இலையை அட்டைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். வெயில் நேராகப் பட்டால் நிறம் மாறித் தெரியும், அதனால் நம் உடம்பாலேயே நிழல் கொடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஆள் பார்ப்பது நல்லது. வெள்ளைப்பொன்னிக்கு 3ஆம் கட்டம், மற்ற நடவு ரகங்களுக்கு 4ஆம் கட்டம் என்பது கணக்கு. பத்தில் ஆறு இலைகள் அதற்குக் கீழே இறங்கினால் மேலுரமாக யூரியா போடலாம், இல்லையென்றால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

சொல்ல எளிது, முதல் வருஷம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. பக்கத்து வயல் கரும்பச்சையாக நிற்கிறது, என் பயிர் இளம்பச்சையில் இருக்கிறது, சித்தப்பா வரப்பில் நின்று “ஏம்ப்பா, பயிர் வெளுத்துக் கிடக்கே, இன்னும் உரம் போடலையா?” என்று கேட்கிறார். அட்டை 4 காட்டியது, நான் போடவில்லை.

இந்த அட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் யூரியா மிச்சமாவதை மட்டும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரியதாகத் தெரிவது வேறு. தழைச்சத்து, அதாவது யூரியா தருகிற நைட்ரஜன், மிஞ்சினால் இலை மெத்தென்று ஆகிறது, சாற்றில் பூச்சிக்குப் பிடித்த சத்து கூடுகிறது. அந்தச் சாற்றைக் குடிக்கிற புகையான் பூச்சி முட்டையும் அதிகமாக இடும். தூர் அடர்ந்து அடியில் வெளிச்சமும் காற்றும் போகாமல் ஈரம் தங்கும், அது குலைநோய்க்கும் இலையுறைக் கருகலுக்கும் வசதி. அப்புறம் மருந்து அடிக்கிறோம், அதில் புகையானைத் தின்கிற சிலந்தியும் அதன் முட்டையைக் குடிக்கிற மிரிட் நாவாய்ப்பூச்சியும் சேர்ந்து சாகின்றன, சில வாரங்களில் புகையான் முன்னைவிட மோசமாகத் திரும்பி வருகிறது. ஒரு சத்தை அளவுக்கு மேல் ஏற்றினதில் தொடங்கி வயலின் மொத்தக் கட்டுக்கோப்பும் குலைகிறது. நான் இந்த இரண்டு சம்பாவிலும் புகையானுக்கு மருந்து அடிக்கவில்லை. இது என் ஒரு வயலின் கதைதான், ஆனால் விடியற்காலையில் பயிருக்கு இடையே பனி கோத்து நிற்கிற சிலந்தி வலைகளைப் பார்க்கிறபோது மனசு நிறைகிறது.

வாய்க்கால் கடைசியில் எங்கள் ஊர்க் குளம் இருக்கிறது. வயலில் பயிர் எடுத்துக்கொள்ளாத உரம் வடிநீரோடு அங்கேதான் போய்ச் சேரும். பாசி மண்டும், ராத்திரியில் தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கும், காலையில் மீன் செத்து மிதக்கும். இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் என்கிற ஆராய்ச்சி நிலையத்தில் 1856லிருந்து ஒரு புல்வெளிக்குப் பாத்திக்கு ஒரு விதமாக உரம் போட்டுப் பார்க்கிறார்கள். உரமே போடாத பாத்தியில் பல வகைச் செடிகள் சேர்ந்து வாழ்கின்றன, அம்மோனியா உரத்தை மட்டும் வருஷக்கணக்கில் கொட்டின இடத்தில் மண்ணில் அமிலத்தன்மை ஏறி இரண்டு மூன்று புல் வகைகள்தான் மிஞ்சின. நம் நாட்டிலும் 2010ல் மத்திய அரசு கொண்டுவந்த, ஊட்டச்சத்து அடிப்படையிலான உர மானியத்தில் யூரியா சேரவில்லை, அதன் விலை மட்டும் தாழ்வாகவே நிற்கிறது, பொட்டாஷ் விலை ஏறியது. கை எந்த மூட்டைக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, குறைகளுக்கு வருகிறேன். அட்டை தழைச்சத்தை மட்டும்தான் பார்க்கும். மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்துக்கு (பொட்டாஷ்) மண் பரிசோதனைதான் வழி. கந்தகம் குறைந்தாலும், தண்ணீர் வடியாமல் நின்றாலும் இலை வெளுக்கும், அட்டையோ யூரியா போடு என்றுதான் சொல்லும். முதல் வருஷம் ஒரு மூலையில் நான் அப்படி ஏமாந்தேன், யூரியா போட்டும் பயிர் தேறவில்லை, இலையில் துருப்புள்ளி வந்த பிறகுதான் துத்தநாகக் குறை என்று புரிந்தது. இப்போது நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போட்டுவிடுகிறேன்.

இன்னொன்று, தம்பிக்காக இணையத்தில் வாங்கின இரண்டாவது அட்டை சரியில்லை. என்னுடையதோடு சேர்த்து வைத்தால் 3ஆம் கட்டமே வேறு பச்சை. அச்சு பிசகினால் இந்தப் பொருளில் மிச்சம் ஒன்றுமில்லை, அதனால் வேளாண் பல்கலைக்கழகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டு வாங்குங்கள். வெயிலில் போட்டுவைத்தாலும் நிறம் வெளிறும், நான் பழைய காலண்டர் தாளில் சுற்றி அலமாரியில் வைக்கிறேன்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். தாளடிப் பருவத்தில் நடுகிறவர்கள் நடவு முடிந்த கையோடு வாங்கிவிடுங்கள், 14ஆம் நாள் சீக்கிரம் வந்துவிடும்.