கைக்குழந்தைக்குக் கண்புரை அறுவை: உள்லென்ஸா, கான்டாக்ட் லென்ஸா?

ஒரு கண்ணில் மட்டும் பிறவிக் கண்புரை இருந்த, ஏழு மாதம் நிறையாத 114 குழந்தைகளை அமெரிக்காவில் பத்தரை வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். புரை படிந்த லென்ஸை எடுத்துவிட்டு, பாதிப் பேருக்கு உள்லென்ஸ் (கண்ணுக்குள்ளேயே பொருத்தும் செயற்கை லென்ஸ்), மீதிப் பேருக்குக் கான்டாக்ட் லென்ஸ். கடைசியில் பார்வைத் திறனில் வித்தியாசமே இல்லை.

வித்தியாசம் மறு அறுவையில். ஐந்து வயதுக்குள் உள்லென்ஸ் கண்களில் 72 சதவீதத்துக்கு மீண்டும் அறுவை தேவைப்பட்டது, மற்றதில் 21. பிஞ்சுக் கண்ணில் மிச்சமிருக்கும் லென்ஸ் செல்கள் மளமளவென்று வளர்ந்து பார்வைப் பாதையை மறைப்பதே முக்கியக் காரணம். கண் வளர வளர பவரும் மாறும் என்பதால் உள்லென்ஸ் வைத்தாலும் கண்ணாடி தப்பாது.

கான்டாக்ட் லென்ஸில் பவரை மாற்றுவது எளிது. ஆனால் தொலையும், கிருமி தொற்றும். ஏற்காட்டு ஊற்றுத் தண்ணீரோ சேலத்துக் கேன் தண்ணீரோ அதில் படவே கூடாது. லென்ஸ் கரைசல் மட்டும்தான். மலையில் இருப்பவர்கள் உபரி லென்ஸ் ஒன்று வைத்திருங்கள். கண் சிவந்து குழந்தை வெளிச்சத்துக்குக் கூசினால், கழற்றிவிட்டு அன்றே சேலத்துக்கு இறங்கிவிடுங்கள்.

ஏழு மாதத்துக்குள் என்றால் கான்டாக்ட் லென்ஸே எங்கள் முதல் தேர்வு. அதைப் பராமரிக்க வழியே இல்லாத வீட்டுக்கு உள்லென்ஸ்.

கண் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா இரண்டிலும் வரும்: பத்து ஆண்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு கண்ணுக்கு. கண் அழுத்தப் பரிசோதனை ஆயுள் முழுக்க வேண்டும். அறுவை செய்த கண் பார்க்கப் பழக, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடுவதும் இரண்டிலும் வேண்டும்: அந்த ஆய்வில் எட்டு மாதம் வரை, மாத வயது எத்தனையோ தினம் அத்தனை மணி நேரம், பிறகு விழித்திருக்கும் நேரத்தில் பாதி.