வசவுகளை வடிகட்டும் இன்ஸ்டாகிராம் வசதிகள்: மேடைக் கலைஞர்களுக்குப் பயன்படுமா?

வசவுக் கமென்ட்டுகளைச் சமாளிக்க இன்ஸ்டாகிராமில் 'ஹிடன் வேர்ட்ஸ்', 'ரெஸ்ட்ரிக்ட்', 'லிமிட்' என மூன்று வசதிகள் உண்டு. மூன்றில் மிகவும் உருப்படியானது 2021-இல் வந்த 'ஹிடன் வேர்ட்ஸ்'. செட்டிங்ஸில் நாம் தரும் சொற்கள் உள்ள கமென்ட்டுகள் மறைந்துவிடும், ஸ்மைலிகளையும் சேர்க்கலாம். தமிழில் இதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். ஒரே வசவைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் நாலைந்து விதமாக எழுதுவார்கள். 'loosu' என்று அடிப்பவரும் உண்டு, 'lusu' என்பவரும் உண்டு. அத்தனையையும் காற்புள்ளியிட்டுச் சேருங்கள். பாடகர்கள் 'சுருதி', 'தாளம்' போன்ற சொற்களைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள். "சரணத்தில் சுருதி இறங்கிவிட்டது" என்பது வசவல்ல, காது உள்ளவர் சொன்ன தகவல். அதையும் மறைத்தால் நஷ்டம் பாடுபவருக்குத்தான்.

'ரெஸ்ட்ரிக்ட்' தொடர்ந்து வம்பிழுக்கும் ஓரிருவருக்கு ஏற்றது. அவர் எழுதும் கமென்ட், நாம் அனுமதிக்காதவரை மற்றவர்களுக்குத் தெரியாது. பிளாக் செய்தால் அதையே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பரப்புவார்கள். இதில் அந்தத் தொல்லை குறைவு.

'லிமிட்' என்பது நம்மைப் பின்தொடராதவர்களின் கமென்ட்டுகளைத் தற்காலிகமாக மறைக்கும் வசதி. பேட்டி ஒன்று சர்ச்சையாகி, அவர்கள் கூட்டமாக வரும் நாட்களுக்கு மட்டும் இது போதும்.

மறைந்தவை அழிவதில்லை. அவற்றை நம்பகமான வேறொருவர் பார்க்கட்டும். கொலை மிரட்டல் இருந்தால் தேதி, கணக்குப் பெயர் தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுத்த பிறகே நீக்க வேண்டும். புகார் கொடுக்க அது தேவைப்படும்.