ஷோட்டோகானா, கோஜு ரியூவா: பக்கத்து கராத்தே வகுப்பில் சேருமுன்

ஒரே பகுதியில் இரண்டு கராத்தே வகுப்புகள். ஒன்றின் பலகையில் ஷோட்டோகான், இன்னொன்றில் கோஜு ரியூ; இரண்டும் கராத்தேயின் வெவ்வேறு பாணிகள். சீருடையும் பெல்ட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முழங்காலுக்கும் மூச்சுக்கும் அவை தரும் வேலைதான் வேறு.

இரண்டுக்கும் வேர் ஒகினாவா. அங்குள்ள ஷூரி என்ற ஊரின் மரபில் வந்த கிச்சின் ஃபுனாகோஷி 1922இல் டோக்கியோ சென்று கற்பிக்கத் தொடங்கினார். அங்கே பல்கலைக்கழக மாணவர்களிடையே வளர்ந்தபோது நிற்கும் நிலைகள் நீண்டு தாழ்ந்தன. அதுதான் ஷோட்டோகான். ஒகினாவாவின் இன்னொரு ஊரான நாஹாவின் மரபில் சோஜுன் மியாகி வகுத்தது கோஜு ரியூ. கோ என்றால் கடினம், ஜு என்றால் மென்மை.

பெரிய வேறுபாடு நிற்பதில். தாச்சி என்றால் நிற்கும் நிலை. ஷோட்டோகானில் முன்காலை மடித்து நிற்கும் ஸென்குட்சு தாச்சி தோள் அகலத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு நீளம்; எடையில் 60 சதவீதம் முன்காலில். புதியவர்கள் கயிற்றின் மேல் நடப்பதுபோல இரண்டு பாதங்களையும் ஒரே கோட்டில் வைத்துவிடுவார்கள். அப்போது இடுப்பு நேராகத் திரும்பாது. அந்தத் திருப்பத்தை முழங்கால் ஏற்றுக்கொண்டு உள்பக்கம் சாயும், சில வாரங்களில் மூட்டின் உள்புறம் வலிக்கும். முதலில் இடுப்பளவு அகலம் கொடுங்கள், நீளம் பிறகு வரட்டும். பின் குதிகால் தரையை விட்டு எழுந்தால் கணுக்கால் இறுக்கம் என்று பொருள். நிலையை அரைப் பாதம் குறைத்தால் சரியாகும்.

கோஜுவின் சான்சின் தாச்சி குட்டை. முன்குதிகாலும் பின்கால் கட்டைவிரலும் ஒரே கோட்டில், பாதங்கள் சற்று உள்நோக்கி. முழங்காலுக்கு இது எளிது. ஆனால் தாழ்ந்து நிற்கும் ஷிகோ தாச்சியும் அங்கே உண்டு. கோஜுவில் சிக்கல் மூச்சில்தான். கட்டா என்பது வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொடர். சான்சின் கட்டாவில் உடல் முழுவதையும் இறுக்கும்போது பலரும் தொண்டையை அடைத்து மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், தோளும் மேலேறிவிடுகிறது. ரத்த அழுத்தம் சட்டென ஏறுவது அப்போதுதான். மூச்சு அடிவயிற்றிலிருந்து நிற்காமல் வெளியேற வேண்டும். பிரஷர் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு, மாஸ்டரிடமும் சொல்லி, இறுக்கமில்லாமல் பழக வேண்டும்.

கட்டாவில் ஷோட்டோகான் மாணவருக்குப் பொறுமை அதிகம் வேண்டும். முதல் கட்டாவான ஹெயான் ஷோடானில் 21 அசைவுகள், உதையே கிடையாது; கீழ்த்தடுப்பு, குத்து, மேல்தடுப்பு என்று சிலவே திரும்பத் திரும்ப வரும். சலிப்பாகத் தோன்றினாலும் அடித்தளம் இறுகுவது அதில்தான். மியாகி 1940இல் புதியவர்களுக்காக அமைத்த கெக்கிசாய் தாய் இச்சியிலோ முன்னுதை, முழங்கை அடி எல்லாம் ஆரம்பத்திலேயே உண்டு. வீட்டில் பழக ஹெயானுக்கு நாலைந்து மீட்டர் நீளம் வேண்டும். சான்சினுக்கு வராண்டா போதும். இன்னொன்று: ஷோட்டோகானின் ஹெயான் ஷோடானைத்தான் ஷிட்டோ ரியூ, வாடோ ரியூ என்ற வேறு பாணிகளின் வகுப்புகளில் பினான் நிதான் என்கிறார்கள். பினான் கட்டாக்களுக்கு ஃபுனாகோஷி ஹெயான் என்று பெயர் மாற்றியபோது முதலிரண்டின் வரிசையையும் மாற்றிவிட்டார்.

ஜோடிப் பயிற்சியில், ஷோட்டோகானின் கோஹோன் குமித்தேயில் தாக்குபவர் ஐந்து காலடி வைத்துக் குத்தியபடி முன்னேறுவார். தடுப்பவர் தேவைக்கு மேல் பின்வாங்கினால் குத்து எட்டவே எட்டாது, தடுப்பும் வெறும் கையசைப்பாகிவிடும். கோஜுவின் ‘காக்கியே’ என்ற பயிற்சி மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டித் தள்ளி இழுப்பது. முழங்கை விலாவை விட்டு அகன்றால் தோள்பலத்தில் தள்ளத் தொடங்கிவிடுவீர்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஷோட்டோகானைத்தான் சொல்வோம். நீண்ட நிலைகள் காலையும் இடுப்பையும் நன்றாக வளர்க்கின்றன. நாற்பதைத் தாண்டி முழங்கால் முரண்டுபிடித்தால் கோஜு. எதுவானாலும் சேருமுன் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பாருங்கள், மஞ்சள் பெல்ட் வரிசையின் முன் முழங்கால்களைக் கவனியுங்கள். அவை உள்ளே சாய்ந்திருக்க, மாஸ்டர் எண்ணிக்கை மட்டும் சொல்லிக்கொண்டு நடந்தால் அங்கே சேராதீர்கள்.