கனூட்டா, ஹரால்டா: யாரை முதலில் படிக்கலாம்?

வட ஐரோப்பியக் கடலோடிப் போர்வீரர்களான வைக்கிங்குகளின் கால ஆட்சிகளைப் படிக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இருவரிடம்தான்.

ஆட்சி: கனூட் 1016இல் இங்கிலாந்து, 1018இல் டென்மார்க், 1028இல் நார்வே எனச் சேர்த்துக்கொண்டே போய் 1035இல் இறந்தார்.
ஹரால்ட் ஹார்ட்ராடாவுக்கு 1046 முதல் 1066 வரை நார்வே மட்டும்.

வந்த வழி: கனூட் டென்மார்க் மன்னரின் மகன், படையோடு வந்து வென்றார்.
ஹரால்டின் கதை வேறு. 1030இல் நார்வேயின் ஸ்டிக்லெஸ்டாட் போரில், ஒரே தாய்க்குப் பிறந்த அண்ணனும் முன்னாள் நார்வே மன்னருமான ஓலாஃப் இறந்து விழ, பதினைந்து வயதில் காயத்தோடு தப்பி, கீவில் அதன் ஆட்சியாளர் யாரோஸ்லாவிடம் சேர்ந்து, அப்புறம் கான்ஸ்டான்டினோபிளில் பைசாந்தியப் பேரரசரின் வரங்கியப் படையில் (வடநாட்டு வீரர்களைக் கொண்ட காவல் படை) சண்டையிட்டு, சேர்த்த செல்வத்தோடு திரும்பி, அப்போது நார்வே மன்னராக இருந்த அண்ணன் மகன் மக்னஸிடம் பாதி ஆட்சியை வாங்கினார். அந்த ஓலாஃபை முன்பு நாட்டைவிட்டுத் துரத்தியதே கனூட்தான்!

நிர்வாகம்: கனூட் 1018இல் 72,000 பவுண்டு வரி பிடுங்கினார், ஆனால் பிறகு சட்டத் தொகுப்பும் அமைதியும் தந்தார்.
ஹரால்ட் டென்மார்க்கோடு பல ஆண்டு மோதி, 1062இல் நிசா கடற்போரில் வென்றும், 1064இல் வெறுங்கையோடு சமாதானமானார்.

சான்று: கனூட்டின் சட்டங்களும் கடிதங்களும் இருக்கின்றன.
ஹரால்டுக்கு அரசவைக் கவிஞர்களின் பாடல்களும், ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து எழுதப்பட்ட சாகாக்களும் (பழைய வடநாட்டு உரைநடைக் கதைகள்) தான் அதிகம், சலித்துத்தான் எடுக்க வேண்டும்.

அரசு எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமா, கனூட். ஒரு மனித வாழ்க்கை உங்களை இழுத்துப்போக வேண்டுமா, 1066இல் இங்கிலாந்தின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் போரில் முடிகிற ஹரால்ட். நான் கனூட்டில் தொடங்கச் சொல்வேன்.